யாருக்காகச் சாட்சி சொல்லப் போகிறோம்?

 



போன வாரம் இஷா தொழுகை முடிந்து படி இறங்கும்போது ஒரு தம்பி என்னை நிறுத்தினார். "ஹழ்ரத், இந்தத் தடவை நம்ம மஹல்லா யாருக்கு?" என்று கேட்டார். "உங்களுக்கு யாரைப் பிடித்திருக்கிறது?" என்றேன். சட்டென்று ஒரு கட்சியின் பெயரைச் சொன்னார். "ஏன்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க அத்தா காலத்திலேருந்தே நாங்க அதுதான் ஹழ்ரத்" என்றார். முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். முதலில் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், காரணங்கள் பிறகு தேடப்படும்.

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று இந்த மிம்பரிலிருந்து நான் சொல்லப் போவதில்லை. ஏன் சொல்ல மாட்டேன் என்பதற்கு எனக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். இன்றைக்குப் பேச நினைப்பது அதற்கு முந்திய விஷயம்: நாம் எப்படி முடிவு செய்கிறோம்? அந்த முடிவுக்கு நாளை அல்லாஹ்விடம் நம்மிடம் பதில் இருக்கிறதா?

இந்த விஷயத்தை ஆய்வு செய்தவர்கள் இருக்கிறார்கள். 1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தில் ஈரி என்ற மாவட்டத்தில் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் வாக்காளர்களைத் தேர்ந்தெடுத்து, அதே ஆட்களிடம் மாதந்தோறும் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிரச்சாரத்தைக் கேட்டு மக்கள் எப்படி மனம் மாறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். கண்டது வேறு. மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். பிரச்சாரம் சூடுபிடிக்கும் முன்பே ஏறக்குறைய பாதிப் பேர் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். வானொலியையும் பத்திரிகையையும் விட, வீட்டிலும் வேலை இடத்திலும் பக்கத்தில் இருப்பவர் சொன்ன சொல்லுக்குத்தான் கனம் அதிகமாக இருந்தது. நம்ம ஊர் டீக்கடையைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது அல்லவா?

இன்னொரு ஆய்வு கொஞ்சம் வெட்கப்பட வைக்கும். 2009இல் வெளியானது. சுவிட்சர்லாந்தில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு காட்டினார்கள். கப்பல் பயணம் போகிறோம், உனக்குக் கேப்டனாக இந்த இரண்டு பேரில் யார் வேண்டும் என்று இரண்டு புகைப்படங்களைக் காட்டிக் கேட்டார்கள். அந்தப் படங்கள் பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்களுடையவை. பிள்ளைகளுக்கு அது தெரியாது. பிள்ளைகள் கேப்டனாகக் கை காட்டியவர்கள்தான் சுமார் எழுபது சதவீதம் உண்மையான தேர்தலிலும் வென்றிருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொன்னதும், ஐம்பது வயதுப் பெரியவர் ஆலோசித்துப் போட்டதும் பெரும்பாலும் ஒன்றாகவே முடிந்திருக்கிறது. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் கொள்கை ஒரு மூலையிலும் முகம் முக்கால் பாகத்திலும் ஏன் இருக்கிறது என்று இப்போது புரியும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "மக்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று பேசுகிறார்களே, அவர்களோடு நான் சேரமாட்டேன். காலையில் ஆறு மணிக்குத் தோல் ஷாப்புக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர், நான்கு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கேட்கிறார். அதில் தவறில்லை, மார்க்க விஷயத்திலேயே தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கும்படிதான் நமக்குக் கட்டளை. ஒரு மூதாட்டி எங்கள் தெருவில் இருந்தார். ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே சின்னம். அவர் பேரன் கிண்டல் செய்வான். அவர் சொல்வார், "நீ தின்ன சோறுடா அது." 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அவருக்கு ஐந்து பிள்ளைகள், வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரு வேளை சாப்பிட்டார்கள். அந்த ஒரு வேளையை அந்தத் தாய் மறக்கவில்லை. இதை அறியாமை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தன் வீட்டு அடுப்பில் தானே சோதித்துப் பார்த்த ஆதாரம் அவரிடம் இருந்தது. நம்மில் பலரிடம் அது கூட இல்லை.

சகோதரர்களே! ஓட்டு என்பது மார்க்கத்தின் பார்வையில் என்ன? தஃப்ஸீர் மஆரிஃபுல் குர்ஆனை எழுதிய முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். ஓட்டுப் போடுவதற்கு மூன்று நிலைகள் உண்டு என்கிறார்கள். ஒன்று ஷஹாதத், அதாவது இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சொல்லும் சாட்சி. இரண்டு ஷஃபாஅத், இவருக்கு இந்தப் பதவியைக் கொடுங்கள் என்ற பரிந்துரை. மூன்று வகாலத், என் சார்பில், என் ஊரார் சார்பில் பேசு என்று ஒருவரை வக்கீலாக ஏற்படுத்துவது. நம் சொந்த வழக்குக்கு ஒரு வக்கீலைத் தவறாக வைத்தால் நஷ்டம் நம்மோடு போகும். இந்த வக்காலத்தோ ஊர் முழுவதற்குமானது.

இந்த மூன்றில் முதலாவதை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். பொய்ச் சாட்சியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த அந்த மஜ்லிஸ் புகாரியில் வருகிறது. பெரும்பாவங்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது சாய்ந்து அமர்ந்திருந்த நபியவர்கள், பொய்ச் சாட்சி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்கள். நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என்று ஸஹாபாக்கள் ஏங்கும் அளவுக்குச் சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போய் நிற்கிற சாட்சி மட்டும்தான் சாட்சி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பட்டனை அழுத்துகிற விரலும் சாட்சி சொல்கிறது.

சாட்சி சொல்கிறவனுக்கு முதல் நிபந்தனை, தெரிந்திருக்க வேண்டும். உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் ஒரு விஷயத்துக்குச் சாட்சி சொல்ல வந்தார். உன்னை எனக்குத் தெரியாது, உன்னை அறிந்தவரை அழைத்து வா என்றார்கள். கூட்டத்தில் ஒருவர், எனக்கு இவரைத் தெரியும், நல்லவர் என்றார். உமர் (ரலி) கேட்டார்கள்: அவருடைய இரவும் பகலும் தெரியும்படி நீ அவருக்கு அண்டை வீட்டுக்காரனா? இல்லை என்றார். தீனார் திர்ஹமில் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறாயா? இல்லை. பயணத்தில் கூடப் போயிருக்கிறாயா? அதுவும் இல்லை. அப்படியானால் உனக்கு அவரைத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் குனிந்து நிமிர்வதைப் பார்த்துவிட்டு வந்து நல்லவர் என்கிறாய் போலும் என்று அவர்கள் சொன்னதாகவும் சில நூல்களில் காணப்படுகிறது.

அண்டை வீடு, பணம், பயணம். இந்த மூன்று கேள்வியையும் நம் தொகுதி வேட்பாளர் விஷயத்தில் கேட்டுப் பாருங்கள். நாம் பார்த்ததெல்லாம் ரமலானில் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு நோன்புக் கஞ்சி குடிக்கிற போட்டோவைத்தான்.

அவருடைய பணத்தை நம்மால் ஓரளவு பார்க்க முடியும், அதைச் சொல்ல வேண்டும். 2002இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. அதன்படி வேட்பாளர் தன் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். படிவம் 26 என்று அதற்குப் பெயர். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். போன தேர்தலில் கொடுத்ததையும் இந்தத் தேர்தலில் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்து வருஷத்தில் சொத்து எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்துவிடும். பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போனால் மூன்று தலைமுறை விசாரிக்கிற நாம், இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்வதில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை அடுத்தவருக்குத் தள்ளிவிட மட்டும் நமக்கு நேரம் இருக்கிறது.

சரி, தெரியாமல் போடுவது ஒரு வகை. தெரிந்தே போடுவது இன்னொரு வகை, அது இதைவிட மோசம். தபரீ (ரஹ்) தம் வரலாற்று நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார்கள். பொய் நபி முஸைலமாவைப் பார்க்க தல்ஹா அன்னமரீ என்பவர் யமாமாவுக்கு வந்தார். உன்னிடம் வருவது யார், வெளிச்சத்தில் வருகிறாரா இருட்டில் வருகிறாரா என்றெல்லாம் விசாரித்தார். பதில்களைக் கேட்டதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. முகத்துக்கு நேராகவே சொன்னார், நீ பொய்யன் என்றும், முஹம்மது உண்மையாளர் என்றும் சாட்சி சொல்கிறேன் என்று. அதோடு நின்றிருந்தால் ஈமானோடு திரும்பியிருப்பார். அடுத்து சொன்னார், ஆனாலும் முளர் கோத்திரத்து உண்மையாளரைவிட ரபீஆ கோத்திரத்துப் பொய்யனே எங்களுக்குப் பிரியமானவன் என்று. முஸைலமாவின் பக்கமே நின்று, அவனோடு சேர்ந்து போரில் கொல்லப்பட்டார்.

அவருக்கு அறிவில் குறை இல்லை. ஆய்வு செய்தார், சரியான முடிவுக்கும் வந்தார். வந்த பிறகு அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். ஏனென்றால் இவன் நம்மாள். இந்தச் சம்பவத்தை ஓதுகிற காலத்தில் படித்தபோது, இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று ஆச்சரியப்பட்டேன். இப்போது ஆச்சரியமே இல்லை. "திருடன்தான் ஹழ்ரத், ஆனா நம்ம கட்சித் திருடன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எதிர்க்கட்சிக்காரர் மகனைப் பதவிக்குக் கொண்டுவந்தால் வாரிசு அரசியல், நம் கட்சியில் கொண்டுவந்தால் தலைமுறைத் தியாகம். நிசா அத்தியாயத்தின் 135ஆவது வசனம், உங்களுக்கே பாதகமாக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதியான சாட்சிகளாக இருங்கள் என்ற பொருளில் நமக்கு உத்தரவிடுகிறது. தாய் தகப்பனுக்கே விலக்கு இல்லாதபோது கட்சிக்கு ஏது விலக்கு?

இங்கே ஒரு கேள்வி வரும். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் நிற்கிறார், அவருக்குப் போட வேண்டாமா? தகுதியுள்ளவராக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். சட்டமன்றத்தில் நம் குரலும் கேட்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. 234 பேர் உட்காருகிற அவையில் நம் எண்ணிக்கை நம் மக்கள்தொகைக்கு ஏற்றபடி இருந்ததில்லை என்ற வருத்தமும் நியாயம்தான். ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் போட்டால் அன்னமரீ செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். பக்கத்துத் தெரு மாற்றுமதச் சகோதரர், நேர்மையானவர், கலவர நேரத்தில் நம் கடைகளுக்கு முன்னால் வந்து நின்றவர், அவர் எதிரே நிற்கிறார் என்றால் என்ன செய்வது? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று மாயிதா அத்தியாயம் 8ஆவது வசனம் தடுக்கிறது. வெறுப்பு நீதியைக் கெடுப்பது போலவே பாசமும் கெடுக்கும்.

இப்போது பண விஷயம். இதைப் பேசும்போது நான் சுத்தமானவன் போலப் பேச எனக்குத் தகுதியில்லை. பல வருஷங்களுக்கு முன், வேறு ஊரில் நான் இமாமாக இருந்தபோது, அந்தப் பள்ளியில் கோடையில் ஒளூவுக்குத் தண்ணீர் இருக்காது. ஒரு வேட்பாளர் வந்தார், பதினைந்து நாளில் போர் போட்டு மோட்டார் மாட்டிக் கொடுத்தார். அந்த வாரம் ஜும்ஆவில் நான் அவரைப் புகழ்ந்து பேசினேன். இவர் நல்லவர், இவரைப் போன்றவர்கள் வர வேண்டும் என்றேன். கட்சியின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. அவர் வென்றார். இரண்டு வருஷம் கழித்து அந்த மஹல்லாவில் கணவரை இழந்த ஒரு பெண் என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அழுதார். வீட்டுப் பட்டாவை மாற்ற உதவி கேட்டு அவருடைய ஆட்களிடம் போனபோது இருபதாயிரம் கேட்டார்களாம். "ஹழ்ரத் சொன்னாரேன்னுதான் நான் போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

நான் பணம் வாங்கவில்லை. அது பள்ளிக்குத்தானே என்று அன்றைக்கு நினைத்தேன். அல்லாஹ்வின் வீட்டுத் தண்ணீரை விலையாகப் பெற்றுக்கொண்டு ஒரு ஊரின் சாட்சியை விற்றிருக்கிறேன் என்று அந்தப் பெண் போன பிறகுதான் விளங்கியது. மிம்பரிலிருந்து கட்சி சொல்ல மாட்டேன் என்று முதலில் சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான்.

மறுமையில் அல்லாஹ் பார்க்கவும் மாட்டான், பரிசுத்தப்படுத்தவும் மாட்டான் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று பேரைச் சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதில் ஒருவன், உலக லாபத்துக்காக மட்டுமே தலைவரிடம் பைஅத் செய்தவன். கொடுத்தால் திருப்தி அடைவான், கொடுக்காவிட்டால் கோபப்படுவான். இந்த ஹதீஸை நாம் எப்போதும் ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் கை நீட்டுகிற ஏழைகளுக்கு மட்டும் ஓதுகிறோம். கான்ட்ராக்ட் கிடைக்கும் என்று கட்சி நிதி கொடுக்கிற முதலாளிக்கும் இது பொருந்தும். காம்பவுண்டுச் சுவருக்கும் ஷாதி மஹாலுக்கும் பேரம் பேசுகிற ஜமாஅத் நிர்வாகத்துக்கும் பொருந்தும். போர் வாங்கிய இமாமுக்கும் பொருந்தும்.

நம் மாநிலத்துக்கு இதில் நல்ல பெயர் இல்லை. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் பண விநியோகம் காரணமாகத் தேர்தல் ரத்தாகிப் பிறகு நடந்தது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் நாடெங்கும் தேர்தல் நடந்தபோது நடக்காமல், ஆகஸ்டில்தான் நடந்தது. நம் சமுதாயம் கணிசமாக வாழும் தொகுதி அது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் சட்டப்படி அதிகபட்சம் 40 லட்சம் ரூபாய் செலவு செய்யலாம். தொகுதியில் இரண்டரை லட்சம் ஓட்டு என்றால் ஒரு ஓட்டுக்கு 16 ரூபாய். ஐம்பதாயிரம் பேருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஐந்து கோடி. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. சம்பளம் 2017இல் மாதம் 1,05,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் ஐந்து வருஷத்துக்கு 63 லட்சம். ஐந்து கோடியைப் போட்டு 63 லட்சம் எடுக்க யாராவது வியாபாரம் செய்வார்களா? மீதி எங்கிருந்து வரும் என்று பட்டாவுக்கு அலைந்த அந்தப் பெண்ணுக்குத் தெரியும். வாங்குகிற ஆயிரம் ரூபாய் ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 55 பைசா கூட வராது.

"அது நம்ம பணம்தான் ஹழ்ரத், வாங்கிக்கிட்டு நமக்குப் பிடிச்சவருக்குப் போட்டுட்டா என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். புத்திசாலித்தனமான கேள்வி. எல்லா ஊரிலும் இதுதான் இப்போது ஃபத்வாவாகிவிட்டது. பாருங்கள், இதில் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. வாங்குவது லஞ்சம். கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபியவர்கள் சபித்திருக்கிறார்கள். பிறகு நல்லவருக்குப் போடுவதால் அந்தப் பணம் ஹலாலாகிவிடாது. ஆனால் வாங்கிவிட்டோமே, வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று தகுதியற்றவருக்கே போடுவது அதற்கு மேல் இன்னொரு பாவம். சில இடங்களில் குர்ஆன் மீது கை வைத்துச் சத்தியம் வாங்குவதாகவும் கேள்விப்படுகிறோம். அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். அந்தச் சத்தியத்துக்குப் பயந்துகொண்டு மனசாட்சிக்கு விரோதமாகப் போட வேண்டியதில்லை. சத்தியம் செய்த பிறகு அதைவிடச் சிறந்ததைக் கண்டால் சிறந்ததைச் செய்துவிட்டு, சத்தியத்துக்குக் கஃப்பாரா கொடுக்கும்படிதான் ஹதீஸில் வந்திருக்கிறது. இதில் பயந்துபோன பெண்கள் யாராவது இருந்தால் வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு கட்சி முதியோர் பென்ஷனை உயர்த்துவோம், பெண்களுக்கு மாதம் இவ்வளவு கொடுப்போம் என்று அறிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்து ஓட்டுப் போடுவது லஞ்சம் ஆகாது. இலவச டி.வி., மிக்ஸி, கிரைண்டர் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றமும், தேர்தல் அறிக்கை வாக்குறுதி சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கையில் சேராது என்றே சொன்னது. அது எல்லாருக்கும் பொதுவாக, கஜானாவிலிருந்து, கணக்கோடு வருவது. போட்டவருக்கும் போடாதவருக்கும் கிடைக்கும். இரவு பதினொரு மணிக்குக் கவரில் வருவது அப்படியா?

அடுத்து, தகுதி என்றால் என்ன? மூஸா (அலை) அவர்களைப் பற்றி அந்தப் பெண் தன் தகப்பனாரிடம் சொன்னது கஸஸ் அத்தியாயத்தில் வருகிறது. வேலைக்கு வைக்கச் சிறந்தவர் வலிமையும் நம்பகத்தன்மையும் உள்ளவர் என்ற கருத்து. கவிய்யு, அமீன். இரண்டும் வேண்டும். அபூதர் (ரலி) அவர்களைவிட அமானிதமானவர் யார்? ஆனால் அவர்கள் பதவி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களின் தோளில் தட்டி, நீர் பலவீனமானவர், இது அமானிதம், உரிய முறையில் நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவு என்று உணர்த்தினார்கள். முஸ்லிமில் இருக்கிறது. அபூதரை விட்டு நீக்கவில்லை, நேசம் குறையவில்லை, பொறுப்பு மட்டும் கொடுக்கவில்லை. "நல்ல மனுஷன்" என்பது மட்டும் போதாது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நாம் போடுவது ஆளுக்கா, கட்சிக்கா? 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து அவையில் கொறடா உத்தரவு போட்டால் உறுப்பினர் அதன்படிதான் ஓட்டளிக்க வேண்டும், மீறினால் பதவி போகலாம். ஆக, நாம் வக்கீலாக அனுப்புகிறவருக்கே ஒரு எஜமான் இருக்கிறார். தஹஜ்ஜுத் தொழுகிற உத்தமரை அநியாயமான கட்சியின் டிக்கெட்டில் அனுப்பினால், அநியாயமான மசோதா வரும் நாளில் அவர் கையும் தூக்கப்படும். அதனால் ஆளை விசாரிப்பது பாதி வேலைதான். அந்தக் கட்சி முந்திய அவையில் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டளித்தது, மேடையில் எதிர்த்துவிட்டு அவையில் ஆதரித்ததா, முக்கியமான நேரத்தில் வெளிநடப்புச் செய்து நழுவியதா என்று பாருங்கள். மேடைப் பேச்சு மறந்துபோகும், அவைக்குறிப்பு அச்சில் இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, நிற்பவர்களில் ஒருவருமே தேறவில்லை என்றால்? இது எனக்கே நீண்ட நாள் உறுத்திய கேள்வி. ஓட்டு சாட்சி என்றால், தகுதியற்றவர்களில் ஒருவருக்குப் போடுவது பொய்ச் சாட்சி ஆகாதா? 2013 முதல் நோட்டா இருக்கிறது, யாரும் வேண்டாம் என்று சாட்சி சொல்லிவிடலாம். ஆனால் நோட்டா எவ்வளவு வாங்கினாலும், மிச்சமுள்ளவர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே வென்றவர் ஆகிறார். நாற்காலி காலியாக இருக்கப் போவதில்லை. இரண்டு தீங்குகளில் குறைந்ததை ஏற்றுப் பெரியதைத் தடுக்கலாம் என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: வாக்குச்சாவடியில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி, இவர் உத்தமரா என்பதல்ல. நிற்கிற இவர்களில் எவரிடம் கொடுத்தால் மக்களின் உயிருக்கும் உரிமைக்கும் கேடு குறைவு என்பதே. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால் அது பொய்ச் சாட்சி ஆகாது. ஆனால் போட்ட பிறகு, ஓட்டுப் போட்டுவிட்டோமே என்று அவரை உத்தமராக்கிப் பேச ஆரம்பித்தால் அங்கே பொய் தொடங்குகிறது. குறைந்த தீமை என்று தேர்ந்தெடுத்தவரைத் தீமை என்றே நினைவில் வைத்திருக்க வேண்டும். இது கடினம், நம் மனசு அப்படி இருக்க விடாது.

என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்று வீட்டில் படுத்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டே தகவல். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 ஓட்டு வித்தியாசத்தில் அறிவிக்கப்பட்டது. 2004இல் கர்நாடகாவில் சந்தேமரஹள்ளி தொகுதி ஒரே ஒரு ஓட்டில் முடிவானது. சாட்சியை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று பகரா அத்தியாயத்தின் 283ஆவது வசனம் சொல்கிறது. வெயில் அதிகமாக இருந்தது என்பது அங்கே காரணமாக எடுபடுமா?

கடைசியாக வீட்டு விஷயம் ஒன்று. நம்மில் பலர் "எங்க வீட்ல ஆறு ஓட்டு" என்று சொல்கிறோம். ஆறு ஆள் என்று சொல்வதில்லை. 1951, 52இல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் சேர்க்கப்படாமல் போயின. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள், சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்றைக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் தீர்மானம் இன்னும் வீட்டுக்காரருடையதாகவே இருக்கிறது. உமர் (ரலி) அவர்களுக்குப் பிறகு கலீஃபாவைத் தேர்வு செய்யும் பொறுப்பு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் வந்தபோது மூன்று நாள் அவர்கள் சரியாகத் தூங்கவில்லை. தலைவர்களிடம் மட்டுமல்ல, திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்களிடமும், ஓதும் இடத்துப் பிள்ளைகளிடமும், மதீனாவுக்கு வந்திறங்கிய பயணிகளிடமும் கருத்துக் கேட்டார்கள் என்று இப்னு கஸீர் (ரஹ்) அவர்களின் வரலாற்று நூலில் வருகிறது. உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருக்கிறீர்களா? ரேஷன் கடை, தண்ணீர் லாரி, அரசு ஆஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தினமும் நேரில் பார்ப்பவர்கள் அவர்கள்தானே? எல்லாரும் ஒரே கட்சிக்குப் போட வேண்டும் என்று ஷரீஅத்தில் இல்லை. மனைவியின் சாட்சியைக் கணவன் சொல்ல முடியாது. மறைப்புக்குள் அவர் தனியாகத்தான் நிற்பார். பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியில் ஏழு விநாடி ஒரு சீட்டுத் தெரியும், அதை அவர் மட்டும்தான் பார்ப்பார். வெளியே வந்ததும் "யாருக்குப் போட்டே?" என்று கேட்காமல் இருங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டாம்.

பதினெட்டு வயது நிரம்பி இன்னும் பட்டியலில் பெயர் சேர்க்காத பிள்ளைகள் இங்கே சிலர் இருக்கிறார்கள். அதற்கான படிவம் முஅத்தின் அவர்களிடம் இருக்கிறது, தொழுகை முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கள் பெயர் நீங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டிய பெரியவர்களும் அவரிடமே கேட்கலாம். பாங்குக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.